ஐந்தாவதாக வந்தவர் முதலிடத்தில்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் யார் பெரியவர்?

1956 நவம்பர். நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் சிரக்யூஸ் பல்கலைக்கழகம், பக்கத்து ஊர்க்காரர்களான கோல்கேட் அணியோடு மோதியது. சிரக்யூஸில் 44ஆம் எண் சட்டை போட்டவர் ஜிம் பிரவுன். அன்றைக்கு அவர் ஒருவரே 43 புள்ளிகள் எடுத்தார். பந்தைச் சுமந்துகொண்டு ஆறு முறை எதிரணியின் எல்லைக்குள் புகுந்தார்; அப்புறம் பந்தைக் காலால் உதைத்து ஏழு கூடுதல் புள்ளிகளையும் சேர்த்தார். ஆட்டம் 61-7 என்று முடிந்தது. அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர் யார் என்ற வாக்கெடுப்பு முடிவு வெளியானபோது, பிரவுனுக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம்.

அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, கல்லூரி ஃபுட்பாலின் 150ஆம் ஆண்டையொட்டி ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனம் எல்லாக் காலத்துக்குமான 150 வீரர்களை வரிசைப்படுத்தி 2020 ஜனவரியில் வெளியிட்டது. அதில் முதல் பெயர் ஜிம் பிரவுன்.

தன் காலத்தில் ஐந்தாவதாக வந்தவர், எல்லாக் காலத்துக்கும் முதல்வராக எப்படி ஆனார்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், அமெரிக்காவில் ஒவ்வொரு டிசம்பரிலும் நடக்கும் அந்தப் பெரிய வாதம் முழுவதும் புரிந்துவிடும். இந்த விளையாட்டைப் பார்த்தே இராதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் முதலில் இதற்குள் வந்தபோது எனக்கு இருந்த குழப்பம் ஒன்றுதான்: இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். ‘இந்த ஆண்டு யார்?’ என்பது ஒரு கேள்வி. ‘எல்லாக் காலத்திலும் யார்?’ என்பது இன்னொரு கேள்வி. சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் ஒரு கேள்விக்கு மற்றதன் பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். இங்கே ஃபுட்பால் என்றால் நாம் சொல்லும் கால்பந்து கிடையாது. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், பிடிப்பார்கள். அணிக்கு 11 பேர். மைதானம் 100 யார்டு நீளம். ஒரு யார்டு என்பது ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் புதிதாக நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைக் கொண்டு போய்விட்டால் டச் டவுன், ஆறு புள்ளிகள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர் குவார்ட்டர்பேக். பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர் ரன்னிங் பேக். கபடியில் நாலு பேர் பிடித்தும் திமிறிக்கொண்டு நடுக்கோட்டுக்கு வந்து சேரும் ரெய்டரைப் பார்த்திருந்தால், நல்ல ரன்னிங் பேக்கின் அழகு உங்களுக்கு உடனே பிடிபடும். எறிந்த பந்தைப் பிடிப்பவர் ரிசீவர். இவர்களுக்கு முன்னால் நின்று எதிரிகளை முட்டித் தள்ளி வழி செய்து கொடுக்கிற ஐந்து பேரை லைன்மேன் என்பார்கள். இந்த ஐந்து பேரை மறந்துவிடாதீர்கள், பிறகு வருவார்கள்.

கல்லூரி அளவில் முதல் ஆட்டம் என்று சொல்லப்படுவது 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் இடையே நடந்தது. ரட்கர்ஸ் 6-4 என்று வென்றது. இன்றைக்கு மேல்நிலைப் பிரிவில் மட்டும் 130க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. எல்லா அணியும் எல்லா அணியோடும் மோதவே முடியாது. யார் யாரை விடச் சிறந்தவர் என்று நேரடியாக ஒப்பிட வழியில்லாததால்தான் இங்கே ஓட்டும் பட்டியலும் இவ்வளவு முக்கியமாகிவிட்டன.

விருதுகளில் பெரியது ஹைஸ்மன். நியூயார்க்கின் டவுன்டவுன் அத்லெடிக் கிளப் 1935இல் இதைத் தொடங்கியது. முதலில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே ஆடுகிறவர்களுக்கு மட்டும்தான். முதல் விருதை வாங்கியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். அடுத்த ஆண்டு அந்த கிளப்பின் விளையாட்டு இயக்குநர் ஜான் ஹைஸ்மன் இறந்துபோக, விருதுக்கு அவர் பெயரை வைத்து, நாடு முழுவதற்கும் விரித்தார்கள். சிலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெண்கலத்தில் ஒரு வீரர். ஒரு கையில் பந்தை இடுக்கியிருக்கிறார், இன்னொரு கையை விறைப்பாக முன்னே நீட்டி, பிடிக்க வருகிறவரைத் தள்ளப் போகிறார். நியூயார்க் பல்கலைக்கழக வீரர் எட் ஸ்மித்தை மாதிரியாக வைத்து ஃபிராங்க் எலிஸ்கு என்ற சிற்பி செய்தது. சிலையில் இருப்பவர் பந்தோடு ஓடுகிறவர் என்பதைக் கவனியுங்கள். இந்த விருது யாரைக் கண்ணில் வைத்துப் பிறந்தது என்பதை அந்தச் சிலையே சொல்லிவிடுகிறது.

இப்போது ஓட்டுக் கணக்குக்கு வருவோம். நாட்டை ஆறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 145 பேர் வீதம் 870 பத்திரிகை, ஊடகக்காரர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். முன்பு விருது வாங்கியவர்களுக்கும் ஓட்டு உண்டு. ரசிகர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஓட்டு. ஒவ்வொருவரும் தன் சீட்டில் மூன்று பெயர்களை வரிசையாக எழுத வேண்டும். முதல் பெயருக்கு 3 புள்ளி, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 1. கூட்டிப் பார்த்து, அதிகம் வாங்கியவருக்கு விருது.

கேட்க எளிமையாக இருக்கும் இந்தக் கணக்குதான் 1956இல் எல்லோரையும் திகைக்க வைத்தது. அந்த ஆண்டு தோற்காமல் போன அணிகளில் ஒன்று ஓக்லஹோமா. அங்கே டாமி மெக்டொனால்ட், ஜெர்ரி டப்ஸ் என்று இரண்டு பேர் போட்டியில் இருந்தார்கள். மெக்டொனால்டின் பெயரை முதலில் எழுதியவர்கள் 205 பேர், எல்லோரையும் விட அதிகம். ஆனால் மொத்தப் புள்ளியில் அவர் 973 எடுத்து மூன்றாவதாக வந்தார். நான்காவது டப்ஸ். ஒரே வீட்டு ஓட்டு இரண்டாகப் பிரிந்துவிட்டது. வென்றவர் நோட்ர டேம் அணியின் பால் ஹார்னங். முதல் இட ஓட்டு 197தான், ஆனால் இரண்டாம், மூன்றாம் இடங்களில் அவர் பெயர் நிறையச் சீட்டுகளில் இருந்ததால் மொத்தம் 1066. அவருடைய அணி அந்த ஆண்டு ஆடிய 10 ஆட்டங்களில் எட்டில் தோற்றது. தோற்ற அணியிலிருந்து ஹைஸ்மன் வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

ஹார்னங்கை நான் குறைத்துப் பேசவில்லை. எறிவார், ஓடுவார், உதைப்பார், தடுப்பாட்டமும் ஆடுவார். அந்தத் தளர்ந்த அணியை ஒற்றை ஆளாகத் தூக்கிச் சுமந்தார். ஆனாலும் அந்தப் பருவத்தில் அவர் எறிந்தவற்றில் டச் டவுன் ஆனது 3; எதிரணி கையில் போய் விழுந்தது 13. அவர் சட்டையில் நோட்ர டேம் என்ற பெயர் இல்லாதிருந்தால் அந்த 1066 வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். அமெரிக்கா முழுக்க ரசிகர்களைக் கொண்ட கல்லூரி அது. தொலைக்காட்சியில் ஒரு சில ஆட்டங்களே வந்த காலத்தில், வாக்காளர் பலர் வீரர்களைச் செய்தித்தாளில்தான் ‘பார்த்தார்கள்’.

இன்னொன்றையும் சொல்லாமல் போகக் கூடாது. 1956 வரை ஒரு கறுப்பின வீரருக்குக்கூட ஹைஸ்மன் கொடுக்கப்படவில்லை. தெற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களைத் தங்கள் அணியில் சேர்க்கவே மறுத்துக்கொண்டிருந்த காலம் அது. பிரவுன் ஐந்தாவதாக வந்ததில் இதற்குப் பங்கு இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து 1961இல், அதே சிரக்யூஸில், அதே 44ஆம் எண் சட்டையில் ஆடிய எர்னி டேவிஸ்தான் ஹைஸ்மன் வாங்கிய முதல் கறுப்பின வீரர். அவரைச் சிரக்யூஸுக்கு வரச் சொல்லித் தூண்டியவர்களில் பிரவுனும் ஒருவர். இருவரும் கிளீவ்லாந்தில் ஒரே தொழில்முறை அணியில் சேர்ந்து ஆட வேண்டியது. டேவிஸ் ரத்தப் புற்றுநோயால் 1963இல், 23 வயதில், ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாமல் இறந்துபோனார்.

சரி, கணக்கும் பெயரும் ஒரு பக்கம். அடுத்தது தேதி. ஹைஸ்மன் ஓட்டு டிசம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் பருவத்தின் மிகப் பெரிய ஆட்டங்கள், பவுல் என்று பெயர் வைத்து நடத்தப்படுபவை, டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும்தான். அதாவது, பரீட்சை முடிவதற்குள் மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். 1995இல் நெப்ராஸ்காவின் குவார்ட்டர்பேக் டாமி ஃபிரேசியர் இரண்டாவதாக வந்தார். விருது ஒஹாயோ ஸ்டேட்டின் எடி ஜார்ஜுக்கு. 1996 ஜனவரி 2 அன்று ஃபியெஸ்டா பவுலில் ஃபுளோரிடாவுக்கு எதிராக ஃபிரேசியர் ஓடிய ஓட்டத்தை நான் எத்தனை தடவை திருப்பிப் போட்டுப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மூன்றாம் கால் பகுதியின் கடைசி. பந்தோடு ஓடுகிறார், ஒருவர் பிடிக்கிறார், உதறுகிறார். சுற்றி நாலைந்து பேர் மொய்த்துக்கொள்கிறார்கள். ஒரு நொடி அவர் நின்றேவிட்டார் போலத் தெரிகிறது. அப்புறம் அந்தக் கும்பலுக்குள்ளிருந்து கால்கள் மறுபடி அசைகின்றன. வெளியே வந்தவருக்கு முன்னால் ஒருவரும் இல்லை. 75 யார்டு, டச் டவுன். நெப்ராஸ்கா 62-24 என்று வென்றது. அந்த இரவுக்குப் பிறகு ஓட்டெடுப்பு நடந்திருந்தால் சிலை யார் வீட்டுக்குப் போயிருக்கும் என்று இன்றும் பேசுகிறார்கள்.

2005இலும் இதே கதை. யூஎஸ்சி எனப்படும் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரெஜி புஷ் பெரிய வித்தியாசத்தில் ஹைஸ்மன் வாங்கினார். டெக்சஸின் வின்ஸ் யங் இரண்டாமிடம். 2006 ஜனவரி 4 அன்று ரோஸ் பவுலில் இரண்டு பேரும் நேருக்கு நேர் மோதினார்கள். ஆட்டம் முடிய 19 நொடிகள் இருக்கும்போது, கடைசி வாய்ப்பில், யங் வலப்பக்க ஓரமாக ஓடிப் போய் வெற்றி டச் டவுன் எடுத்தார்: 41-38. ஓடியும் எறிந்தும் அன்று அவர் சேர்த்தது 467 யார்டு. இதில் இன்னொரு கிளைக்கதையும் உண்டு. புஷ் கல்லூரியில் இருந்தபோது விதிக்குப் புறம்பாகப் பலன்கள் பெற்றார் என்ற விசாரணையால் 2010இல் விருதை விட்டுக்கொடுத்தார்; விதிகளே மாறிப்போன பிறகு 2024இல் அது அவரிடமே திரும்பி வந்தது.

இப்போது அந்த ஐந்து லைன்மேன்களுக்கு வருகிறேன். ஹைஸ்மன் பட்டியலை மேலிருந்து கீழே படித்தால் குவார்ட்டர்பேக், ரன்னிங் பேக், குவார்ட்டர்பேக் என்றே போகும். நடுவில் சில ரிசீவர்கள். எதிரிகளை முட்டித் தள்ளும் தாக்குதல் வரிசைக்காரர் ஒருவருக்குக்கூட இது போனதில்லை. 1973இல் ஒஹாயோ ஸ்டேட்டின் ஜான் ஹிக்ஸ் இரண்டாவதாக வந்தார், அதுதான் உச்சம். 1996இல் அதே அணியின் ஆர்லாண்டோ பேஸ் நான்காவது. பேஸ் ஒருவரை முட்டினால் அவர் தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி மல்லாந்து படுப்பார். அந்த முட்டுக்கே அங்கே பான்கேக் என்று பெயர். முந்தைய ஆண்டு எடி ஜார்ஜ் ஹைஸ்மன் வாங்கினார் என்றேனே, அவருக்கு வழி திறந்துவிட்டவர்களில் முதன்மையானவர் இந்த பேஸ்தான். வழியில் ஓடியவருக்குச் சிலை, வழி போட்டவருக்கு நான்காம் இடம். காரணம் எளிது: அவர்கள் வேலைக்கு எண் கிடையாது. ஓடியவருக்கு யார்டு உண்டு, எறிந்தவருக்கு டச் டவுன் உண்டு. கேமராவும் பந்தின் பின்னால்தான் போகும். அவர்களுக்கென்று 1946லிருந்து அவுட்லாண்ட் விருது தனியாக இருக்கிறது. குவார்ட்டர்பேக்குக்கு டேவி ஓபிரையன், ரன்னிங் பேக்குக்கு டோக் வாக்கர், ரிசீவருக்கு பிலெட்னிகாஃப், பின்வரிசைத் தடுப்பாளருக்கு ஜிம் தோர்ப் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விருது உண்டு. ஆனால் வீட்டுக் கூடத்தில் பேசப்படுவது ஹைஸ்மன்தான்.

தடுப்பாட்டக்காரர்களின் நிலையும் கிட்டத்தட்ட இதுதான். 1997இல் மிஷிகனின் சார்ல்ஸ் வுட்சன் டென்னசியின் பெய்டன் மேனிங்கை முந்தி வாங்கியபோது டென்னசியில் கொதித்துப் போனார்கள். அந்த வுட்சனும் சில நேரம் பந்து பிடிக்க, எதிரணி உதைத்த பந்தைத் திருப்பிக் கொண்டு ஓட என்று இறங்கியதால்தான் வாக்காளர் கண்ணில் பட்டார். 2009இல் நெப்ராஸ்காவின் இன்டாமுகன் சூ முழுக்க முழுக்கத் தடுப்பாட்டம். டெக்சஸுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கை நாலரை முறை (பாதி என்பது இன்னொருவரோடு சேர்ந்து பிடித்தது) தரையில் சாய்த்தார். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அவரையே ஆண்டின் சிறந்த வீரர் என்றது. ஹைஸ்மனில் அவருக்கு நான்காம் இடம். அலபாமாவின் மார்க் இங்ரம் வெறும் 28 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். ஹைஸ்மன் வரலாற்றிலேயே மிக நெருக்கமான முடிவு. என் கையில் சீட்டு இருந்திருந்தால் முதலில் சூவின் பெயரைத்தான் எழுதியிருப்பேன். அந்த ஆண்டில் எந்த அணியும் அவரைச் சுற்றித் திட்டம் போடாமல் களம் இறங்கவில்லை.

விளம்பரமும் ஒரு பங்கு வகிக்கிறது. 2001இல் ஒரிகன் பல்கலைக்கழகம் தன் குவார்ட்டர்பேக் ஜோயி ஹாரிங்டனின் பிரம்மாண்டமான படத்தை நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்துக்கு அருகில் கட்டி வைத்தது, செலவு இரண்டரை லட்சம் டாலர். அவர் நான்காவதாக வந்தார். நோட்ர டேமின் ஜோ தைஸ்மனுக்கு முதலில் ‘தீஸ்மன்’ என்றுதான் பெயர்; ஹைஸ்மனோடு எதுகை சேரட்டும் என்று உச்சரிப்பையே மாற்றினார்கள். 1970இல் அவர் இரண்டாமிடம்.

இனி இரண்டாவது கேள்வி, எல்லாக் காலத்துக்கும் யார் என்பது. இது இன்னும் கடினம், ஏனென்றால் இங்கே எண்களே ஒரு மொழியில் பேசுவதில்லை.

ஓர் உதாரணம் போதும். 1988இல் ஓக்லஹோமா ஸ்டேட்டின் பாரி சாண்டர்ஸ் ஒரே பருவத்தில் 2,628 யார்டு ஓடினார். ஹைஸ்மன் அறிவிப்பு வந்தபோது அவர் டோக்கியோவில் இருந்தார். டெக்சஸ் டெக் அணியோடு அங்கே ஓர் ஆட்டம். அந்த ஆட்டத்தில் மட்டும் 332 யார்டு ஓடினார். 2024இல் பாய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி 2,601 யார்டு வரை வந்தார். 27 யார்டு குறைவு, கிட்டத்தட்டத் தொட்டுவிட்டார் என்று தோன்றும். ஆனால் சாண்டர்ஸின் கணக்கு 11 ஆட்டங்களுக்கு, ஜென்டியின் கணக்கு 14 ஆட்டங்களுக்கு. அதோடு, பவுல் ஆட்டங்களின் எண்களைக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் 2002இல்தான் வந்தது. சாண்டர்ஸ் ஹாலிடே பவுலில் ஓடிய 222 யார்டையும் சேர்த்தால் 2,850. இப்போது இரண்டு எண்களையும் மறுபடி பாருங்கள். ஜென்டி அற்புதமான வீரர். அந்த ஆண்டு ஹைஸ்மனில் கொலராடோவின் டிராவிஸ் ஹன்டருக்கு அடுத்து இரண்டாமிடம் வந்தார். ஹன்டர் ஒரே ஆட்டத்தில் ரிசீவராகவும் தடுப்பாளராகவும் மூச்சு விடாமல் நின்றவர் என்பதால் அந்த முடிவில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஒரு பருவத்தின் ஓட்டம் என்று கேட்டால் சாண்டர்ஸுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

ஆண்டுகளும் அப்படித்தான். 1972 வரை முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் முதன்மை அணியில் ஆட முடியாது. ஆகவே பிரவுனுக்கு மூன்று பருவம்தான். ஒஹாயோ ஸ்டேட்டின் ஆர்ச்சி கிரிஃபின் விதி மாறிய அந்த ஆண்டே சேர்ந்து நான்கு பருவம் ஆடினார். 1974, 1975 என்று இரண்டு ஹைஸ்மன் வாங்கிய ஒரே ஆள் அவர். மொத்த யார்டை மட்டும் வைத்து இந்த இருவரையும் ஒப்பிடுவது நியாயமாகாது. இன்னும் பின்னால் போனால் சிலையே கிடையாது. இல்லினாயின் ரெட் கிரேஞ்ச் 1924இல் மிஷிகனுக்கு எதிராக முதல் 12 நிமிடத்தில் நான்கு டச் டவுன் எடுத்தார். அவருக்கு ஹைஸ்மன் எத்தனை என்று கேட்டால் பதில் சுழியம், ஏனென்றால் விருதே பிறக்கவில்லை.

பிறகு, தொழில்முறை ஆட்டத்தின் நிழல். கல்லூரி முடித்தபின் ஒருவர் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கில் பெரிய ஆளாகிவிட்டால், அவருடைய கல்லூரி நாட்களும் நம் நினைவில் பெரிதாகிவிடுகின்றன. பிரவுன் முதலிடத்தில் இருப்பதில் அந்த நிழல் கொஞ்சம் விழுந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அதே பட்டியலில் கிரிஃபின் நான்காவது. அவருடைய தொழில்முறை வாழ்க்கை சாதாரணமானது. ஆக, கல்லூரியை மட்டும் பார்க்கவும் அவர்கள் முயன்றிருக்கிறார்கள்.

கல்லூரி வாழ்க்கை முழுவதையும் எடுத்தால் என் தேர்வு ஜார்ஜியாவின் ஹெர்ஷல் வாக்கர். ஈஎஸ்பிஎன் பட்டியலில் இரண்டாவது. 1980இல் முதலாண்டு மாணவராக வந்தவர், ஹைஸ்மன் ஓட்டில் அந்த ஆண்டு மூன்றாவது, அடுத்த ஆண்டு இரண்டாவது, அதற்கடுத்த ஆண்டு முதல். 1981 புத்தாண்டு அன்று சுகர் பவுலில், தொடக்கத்திலேயே தோள்பட்டை நழுவிய பிறகும் 150 யார்டு ஓடி, நோட்ர டேமை 17-10 என்று வீழ்த்த வைத்து, தன் கல்லூரிக்குத் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். மூன்றே பருவத்தில் 5,259 யார்டு.

அப்படியானால் பிரவுன்? 1956க்கான சீட்டை இன்று என்னிடம் கொடுத்தால், முதல் பெயர் ஜிம் பிரவுன். இரண்டாவது டாமி மெக்டொனால்ட். மூன்றாவது, டென்னசியை பவுலுக்கு முந்தைய பத்து ஆட்டங்களிலும் வெல்ல வைத்த ஜானி மேஜர்ஸ். ஹார்னங்குக்கு என் சீட்டில் இடம் இருக்காது.